ஹேண்டில்பாரில் ஒரு பாட்டில்

என் கணவர் சிரில் தன் சைக்கிளுக்கு ஸ்ட்ரா போட்ட அன்று நான் சிரித்த சிரிப்பு பிரேசர் டவுன் முழுக்கக் கேட்டிருக்கும்.

அது போட்டிகளுக்கான சைக்கிள். ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து இரண்டு கம்பிகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கைகளை மெத்தையில் ஊன்றி, அந்தக் கம்பிகளைப் பிடித்து, முதுகை வளைத்துக் குனிந்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் காற்று தடுக்காதாம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு கறுப்பு பாட்டிலை மாட்டியிருந்தார். அதிலிருந்து வளைந்து வந்த குழாய் நேராக வாய்க்கு எதிரே நின்றது. கையை எடுக்க வேண்டாம், நிமிர வேண்டாம். பாட்டிலின் மேல்புறத்தில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஓடுகிற ஓட்டத்திலேயே அதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமாம்.

"எல்.கே.ஜி. பசங்களுக்குத்தான் இப்படி ஸ்ட்ரா பாட்டில் மாட்டி அனுப்புவாங்க. லஞ்ச் பாக்ஸும் ஒண்ணு கட்டி விடட்டுமா?" என்றேன்.

"டிரையத்லான்ல எல்லாரும் இதான் யூஸ் பண்றாங்க அண்ணி," என்றார் எத்திராஜ். பாட்டிலை வாங்கி வந்தவர் அவர்தான். ஜோகுபாளையத்துக்காரர், சிரிலின் ஆபீஸில் வேலை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் அந்தப் போட்டிகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே பயிற்சி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஹொஸகோட்டேவரை போய்த் திரும்புவார்கள். பிறகு சிரில் குளித்துவிட்டு என்னோடு பூசைக்கு வந்து பிரசங்கம் முழுவதும் தூங்குவார்.

அந்த பாட்டில் வந்ததே ஒரு பயத்தில்தான். நெடுந்தூரம் ஓட்டும்போது சிரில் தண்ணீர் குடிக்க மாட்டார். கீழே கையை விட்டு பாட்டிலை எடுத்தால் வேகம் குறையும் என்பார். முழங்கால் வலிக்கு மாத்திரை மட்டும் மிட்டாய் மாதிரி விழுங்குவார். தண்ணீரில்லாமல் காய்ந்த உடம்பில் அந்த மாத்திரைகள் என்ன வேலை செய்யும் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், கிட்னி அடிபட ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையைத் தொடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். மறுவாரம் எத்திராஜ் இந்த பாட்டிலோடு வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் அதில் குடித்தார், சமர்த்துப் பிள்ளையாக.

அடுத்த வருஷம் கிட்னி இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். குடி, குடி என்ற அதே டாக்டர் இப்போது குடிக்காதே என்றார். குடிக்கிற தண்ணீர் சிறுநீராக வெளியே போகாது. உடம்பிலேயே தங்கும். முதலில் காலில், பிறகு நுரையீரலில், கடைசியில் இதயத்தில் போய் நிற்கும். காபி, ரசம், சாம்பார் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் அளவுதான்.

எனக்கும் அவருக்கும் ஒரே இரத்த வகை. மற்ற பரிசோதனைகளும் பொருந்தின. என் கிட்னி ஒன்றை அவருக்கு வைக்கலாம் என்று சொன்னார்கள். நான் அங்கேயே அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆனால் அவர் இதயம் வீங்கிப் பலவீனமாக இருந்தது. டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "மூணு மாசம் தண்ணிய கன்ட்ரோல்ல வெச்சுக் காட்டுங்கம்மா. ஹார்ட் கொஞ்சம் தேறட்டும், ஆபரேஷன் பண்ணலாம். இல்லேன்னா டேபிள்லயே போயிடுவார்."

மூன்று மாதம்தானே என்று நினைத்தேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். சமையலறை என் கண் முன்னாலேயே இருந்தது. காலையில் அவருடைய பங்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வைப்பேன். இட்லிக்குச் சட்னியைக் கெட்டியாக அரைத்தேன், ரசத்தை நிறுத்தினேன், உப்பைப் பாதியாக்கினேன். தர்பூசணி விற்கிறவர் தெருவில் கூவினால் ஜன்னலைச் சாத்தினேன். அவர் வாயில் போட்டுக் கரைக்கிற ஐஸ் துண்டைக்கூட எண்ணிக் கொடுத்தேன். ஜெயில் வார்டன் தோற்றுப்போவார். அவர் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "நீ சொன்னா சரி ஐரின்," என்பார்.

ஆனாலும் டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் எடை ஏறியிருந்தது. அங்கே இருந்த நர்ஸ் அவரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு என்னைத்தான் முறைப்பாள். "நீரு ஜாஸ்தி ஆகிதே மேடம். யாரு கொட்டித்து?" தண்ணீர் அதிகமாகிவிட்டது, யார் கொடுத்தது என்று கன்னடத்தில் கேட்பாள். நான் என்ன சொல்வேன்? கன்னடத்தில் எனக்குச் சண்டை போடத் தெரியும். அவள் முன்னால் அதுவும் வரவில்லை.

யார் கொடுத்தது என்று நானும் தேடினேன். குளியலறைக் குழாயில் குடிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சமையலறைக்கு மட்டும்தான் காவேரித் தண்ணீர். மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். எத்திராஜ் வாரம் இரண்டு முறை வந்து, அவரைக் கைத்தாங்கலாகத் தெருமுனைவரை நடத்திக்கொண்டு போவார். தெருமுனையில் இளநீர்க் கடை.

"அவர் ஆசைப்பட்டாருன்னு இளநி வாங்கிக் குடுத்தியா? ஃபிரண்டா நீ? எமன்!" என்று வாசலிலேயே வைத்துக் கத்தினேன்.

"சத்தியமா இல்ல அண்ணி. சிரில் அண்ணா கேக்கக்கூட இல்ல," என்றார்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத."

எத்திராஜ் சிரிலைப் பார்த்தார். சிரில் தரையைப் பார்த்தார். எத்திராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிரில் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு அன்று தோன்றாமல் போனது.

சைக்கிள் ஹாலில் நின்றது. பின்சக்கரத்தை இரும்புத் தாங்கி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. விற்றுவிடலாமா என்று ஒரு முறை கேட்டேன். "அத மட்டும் தொடாத ஐரின். துடைக்கக்கூட வேணாம், நானே பாத்துக்கறேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. அதன்பிறகு நான் அந்தப் பக்கம் விளக்குமாறைக்கூடக் கொண்டுபோகவில்லை.

பகலில் பத்து தடவையாவது அவர் அதன்மேல் ஏறி உட்காருவார். மிதிக்க மாட்டார், மிதிக்கத் தெம்பு ஏது? முழங்கைகளை மெத்தைகளில் ஊன்றி, கைகளைச் சேர்த்து, தலையைக் குனிந்து அப்படியே இருப்பார். பின்னாலிருந்து பார்த்தால் கோயிலில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர் போலத்தான் இருக்கும். ஓடிய உடம்பு, நீந்திய உடம்பு, இப்படிக் கிடக்கிறதே என்று அழுகிறார் போலும், அழட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்திருக்கும்போது டியூஷன் பிள்ளைகளிடம், "ஷ்ஷ், அங்கிள் பிரேயர் பண்றார்," என்பேன். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். புருஷன் அழுவதை நின்று பார்க்கிற பெண்டாட்டி நான் இல்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள், அவருக்காக நான் தினமும் போகிற காலைப் பூசை முடிந்து வந்தபோது, சிரில் சோபாவில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோனோம். நுரையீரல் நிறையத் தண்ணீர் என்றார்கள். இழுத்து எடுத்தார்கள், பிழைத்தார். ஆனால் இதயம் முன்னைவிட மோசம். ஆபரேஷன் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை. நான்தான் எடுத்தேன். "இனிமே முடியாதும்மா," என்றார். கொஞ்சம் தேறினால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஹாலில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் கட்டிலுக்கு இடம் பண்ண வீட்டுக்கு வந்தேன். சைக்கிளைத் தாங்கியிலிருந்து கழற்றி நகர்த்தினேன். பழக்கமில்லாத கை, சைக்கிள் என்மேல் சாய்ந்தது. பாட்டிலின் ரப்பர் மூடி திறந்துகொண்டு தண்ணீர் என் இரண்டு பாதங்களிலும் கொட்டியது.

பழைய தண்ணீர், எப்போதோ மிஞ்சியது என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்றம் இல்லை, பாசி இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் சமையலறைக் காவேரித் தண்ணீர், நேற்றுப் பிடித்தது. குழாயின் நுனி முழுக்கப் பல் பட்டு மென்ற தடம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நடு ஹாலில், என் கண்ணுக்கு நேராக, டியூஷன் பிள்ளைகளை நானே வாயைப் பொத்தி உட்காரவைத்திருக்க, அவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் காலைப் பூசையில் அவருக்காக மண்டியிட்டிருந்த நேரத்தில்தான் அதை நிரப்பியிருக்க வேண்டும். அந்த ஈரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துக்கம் பாதி, கோபம் பாதி. கோபம்தான் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிற ஆட்டோவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டுமென்றேதான் குடித்திருக்கிறார். என் வயிற்றைக் கீறக் கூடாது, எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து, ஆபரேஷன் நடக்காமலிருக்க இப்படிச் செய்திருக்கிறார். அவர் அப்படிப்பட்டவர்தான். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்குள் அவரை முக்கால்வாசி மன்னித்திருந்தேன்.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "பாட்டில பாத்துட்டேன்," என்றேன்.

ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னுதானே? என்னை வெட்டுவாங்கன்னு பயந்துதானே இப்படிப் பண்ணீங்க? சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் சாகும்வரை அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

"இல்ல ஐரின்," என்றார். "தாகம்."

மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"உனக்குத் தெரியாது. நாக்கு மேல ஒட்டிக்கும். தூங்கினா கனவுல குழாய்தான் வரும். நீ குடுக்கறத ஒரேயடியா குடிச்சாலும் அடங்காது. அப்பப்போ ஒரு வாய் வேணும். அவ்வளவுதான். உன் கிட்னி வேணும்னு எனக்கு ஆசைதான். அதவிட..." மூச்சு வாங்கியது. "எத்திராஜ் பாவம். அவன்கிட்ட சொல்லிடு."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

எத்திராஜுக்கு போன் செய்து சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை, அழுதது மட்டும் நினைவிருக்கிறது. அரை மணியில் வந்துவிட்டார். "நான் வாங்கிக் குடுத்த பாட்டில் அண்ணி," என்று வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யார் தேற்றுவது? என்னால் முடியவில்லை.

சிரில் வீட்டுக்கு வரவில்லை. டயாலிசிஸ் மெஷினில் போட்டால் பிரஷர் விழுந்தது. போடாவிட்டால் மூச்சு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னை வெளியே அழைத்து, "இனிமே அவர் கேக்கறதக் குடுங்க," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கோயில் சாமியாரை அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் கொடுத்தோம். பிறகு நான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த பாட்டிலைக் கம்பிகளிலிருந்து கழற்றினேன். குழாயை பிரஷ் விட்டுக் கழுவினேன். பல் பட்ட நுனியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். காவேரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, வழிய வழிய நிரப்பினேன். அளக்கவில்லை. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அவரால் கையைத் தூக்க முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. இந்த பாட்டிலுக்கு அது தேவையும் இல்லை. முகத்துக்கு நேரே பிடித்தேன், குழாய் தானாக உதட்டில் போய் நின்றது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு வாய் உறிஞ்சினார். தொண்டையில் இறங்கியது தெரிந்தது.

"போதும்," என்றார்.

"இன்னும் நிறைய இருக்குங்க. குடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"போதும் ஐரின்."

எனக்கு அந்த பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. இதற்குத்தானா? இந்த ஒரு வாய்க்குத்தானா? குழாயை மறுபடி அவர் உதட்டில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. தண்ணீர் மோவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தேன்.

சாயங்காலம் அவருடைய தண்ணீர்க் கணக்கு எழுதும் அட்டையோடு நர்ஸ் வந்தாள், டயாலிசிஸில் என்னை முறைக்கிற அதே நர்ஸ். இன்று முறைக்கவில்லை. கட்டிலைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தபடி, எவ்வளவு குடித்தார் என்று கேட்டாள். "எஷ்டு குடிதரு மேடம்?"

பாட்டில் என் மடியில் கனமாக இருந்தது. இத்தனை நாள் அவர் குடித்த ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குச் சொன்னவள் நான்.

"நிறையக் குடிச்சார்," என்றேன். "வயிறு நிறையக் குடிச்சார். எழுதிக்கோ."