நாவலில் இருக்கும் நிலவறை

மெய்ப்புத் திருத்துகிற அண்ணன் அந்த நாவலை நான்கு பதிப்புகளுக்கு எழுத்தெழுத்தாகப் பார்த்தவர். அதை எழுதியவர் இறந்து முப்பது வருஷமாகிறது. அவர் வாழ்ந்த, நாவலும் நடக்கிற வீட்டைப் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு காலையிலேயே போய் நின்றார்.

பையும் போனும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மாடியெல்லாம் காட்டினாள். "நிலவறைக்கு மட்டும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களைக் கவனிக்கப் போனாள். நிலவறைக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

நாவலின் நாயகி கடிதங்களை ஒளித்துவைக்கும் அலமாரி அங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்கோ மூட்டுவலி.

"நீ போய்ப் பாத்துச் சொல்லு பாப்பா. ரெண்டே நிமிஷம்."

"ஆசை உனக்கு, படியிறங்குறது நானா?" தங்கை சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கினாள். படிக்கட்டு நடுவில் வளைந்ததால் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்துபோனாள்.

"பதினேழு படி. சரியா?"

"சரி. அலமாரியும் இருக்கு. வலப்பக்கம்."

"இடப்பக்கம்."

"கண்ணால பாத்துட்டுச் சொல்றேன், வலப்பக்கம்."

"நீ திரும்பி நிக்கிறே. நாலு பதிப்புலயும் இடப்பக்கம்னுதான் இருக்கு."

"நீ புடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று கீழே சிரிப்புக் கேட்டது. அலமாரி வரை அவள் போகும் செருப்புச் சத்தமும் கேட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

"அண்ணா! ஒண்ணுமே தெரியல."

அவருக்கு அப்போது பயமில்லை. உள்ளூரச் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். நாயகியின் விளக்கும் அந்த அறையில்தான் அணைகிறது. அவள் திரும்பி வந்த வழி அவருக்கு மனப்பாடம்.

"அலமாரிக்கு முதுகக் காட்டி நில்லு. வலக்கையால சுவரத் தொட்டுக்கிட்டே ஒம்பது அடி வா. படி வந்துரும்."

"வலப்பக்கம் சுவரே இல்லையே."

"இன்னும் தள்ளிப் போ. இருக்கும்."

அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பின்னால் தடதடவென்று ஓடிவந்த அம்மாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாரு கீழ? எந்தப் பக்கம் போகச் சொன்னீங்க?"

"வலப்பக்கம். கதையில அப்படித்தான்…"

"அட கடவுளே! வீட்டுல பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க, படிச்சவன் எவனும் வழி தெரிஞ்சு உள்ள வந்துடக் கூடாதுன்னு அவரு வீட்டையே இடவலம் மாத்தித்தானே எழுதினாரு! அந்தப் பக்கம் பாழுங்கிணறு. பலகை போட்டு மூடியிருக்கு, மக்கிப்போச்சு!" சொல்லிக்கொண்டே டார்ச் எடுக்க ஓடினாள்.

அவர் படியில் குனிந்து கத்தினார். "பாப்பா, நில்லு!"

கீழிருந்து மிக மெல்ல, "கால் கீழ ஏதோ ஆடுது அண்ணா."

மூட்டுவலி எங்கே போனதோ, கைகளால் படியைத் தடவித் தடவி, உட்கார்ந்தபடியே இறங்கினார். வளைவைத் தாண்டியதும் மை இருட்டு. கீழே மரம் முனகியது.

"சத்தம் போடுது அண்ணா. எந்தப் பக்கம் நகரட்டும்? சீக்கிரம் சொல்லு."

அவர் வாயில் வந்ததெல்லாம் அச்சில் படித்த வரிகள்தான். இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால்?

"எனக்குத் தெரியாதும்மா. நான் பாக்கல. பாத்தது நீதான். என்ன பாத்தே, சொல்லு."



"இறங்குறப்ப அலமாரி வலப்பக்கம். அப்ப திரும்பி வர்றப்ப சுவர் இடப்பக்கம்."

"அப்ப இடப்பக்கம் போ. நீ பாத்ததுதான் சரி."

படீரென்று பலகை முறிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஆழத்தில், ரொம்ப நேரம் கழித்து, தண்ணீரில் எதுவோ விழும் சத்தம்.

கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? மூடிக்கொண்டார். கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் இருட்டுக்குள் நீட்டினார். நீட்டியபடியே இருந்தார்.

தரையில் ஏதோ உரசிக்கொண்டு வந்தது. மண்ணும் வியர்வையுமாக ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.

"செருப்பு ஒண்ணு போயிருச்சு" என்றாள்.

மேலே டார்ச் வெளிச்சம் வளைவில் எட்டிப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கையை விட்டுவிட்டு எழுந்திருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.