கைமுத்தம்

இன்று அலியோனாவின் வாக்குமூலம் நிலைத்தால் ரயீசா சிறையிலேயே இருப்பாள். தடுமாறினால் ஊர் திரும்புவாள். ஊரில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். விசாரணை அறையில் அலியோனாவின் நினைவில் இதைத் தவிர வேறெதுவும் இல்லை.

"அவங்க பேசறப்ப என்னைப் பாருங்க, அவங்களைப் பார்க்காதீங்க" என்றார் அதிகாரி கோஜோகாரு. ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவைச் சேர்ந்தவர். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே உட்காரவைத்து நடத்தும் நேருக்கு நேர் விசாரணையில் பெண்கள் உடைந்துபோவதைப் பலமுறை கண்டவர்.

இத்தாலியில் ஒரு கிழவியைக் கவனிக்கும் வேலை என்று சொல்லி, இஸ்தான்புல்லில் ஒரு பூட்டிய வீட்டுக்கு அலியோனாவை விற்றவள் ரயீசா. அவள் திருமணத்தில், தேவாலய வழக்கப்படி மணமக்கள் தலைக்குமேல் கிரீடம் தாங்கி நின்ற ஞானத்தாயும் அதே ரயீசாதான்.

கதவு திறந்தது. சற்று இளைத்திருந்த ரயீசா உள்ளே வந்தாள். அலியோனா எழுந்தாள், இரண்டடி முன்னே சென்று குனிந்து, நீண்டிருந்த கையை எடுத்து முத்தமிட்டாள். ஏழு ஈஸ்டர்களாகச் செய்த வழக்கம். உடல் அதைச் செய்துமுடித்த பிறகே மனம் வந்து சேர்ந்தது.

"நல்லா இருக்கியா மகளே?"

ரயீசாவின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "இதைப் பதிவு பண்ணுங்க! தன்னை வித்தவ கையை யாராவது தேடிப் போய் முத்தம் குடுப்பாங்களா சார்?"

"ஞானத்தாயைப் பார்த்தா நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே" என்றார் கோஜோகாரு. "நீங்க என்ன, உங்க கல்யாணத்துல ஞானத்தாய்கிட்ட கை குலுக்கிட்டு வந்தீங்களா?"

"என் கல்யாணம் இந்தக் கேஸ்ல இல்லை. எழுதுங்க."

எழுத்தர் தட்டச்சு செய்தார். அதன்பின் அலியோனா அனைத்தையும் சொன்னாள்: பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டவள் யார், பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனவள் யார். குரல் நடுங்கவில்லை. ஆயினும் நீதிபதியின் மேசைக்குச் சென்ற காகிதத்தில் முதல் வரி அந்த முத்தமாகவே இருந்தது.

மதியம் நீதிபதியின் உத்தரவுப்படி, ஊரைவிட்டு வெளியேறமாட்டேன் என்று கையெழுத்திட்டு ரயீசா விடுவிக்கப்பட்டாள்.

"கேஸ் இன்னும் முடியலை" என்றார் கோஜோகாரு, வாசற்படியில் நின்று. "தலைநகர்ல ஒரு காப்பகம் இருக்கு. உங்களுக்கு அங்க இடம் எழுதிக் கேட்கறேன்."

"எப்ப கிடைக்கும்?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "ரெண்டு வாரம் ஆகலாம்."

ஊருக்கு இருந்தது இரண்டரை மணிப் பேருந்து ஒன்றுதான். ரயீசா முன்னமே ஏறியிருந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வா, உட்காரு. எவ்வளவு நேரம் நிப்ப?"

அலியோனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்றே வந்தாள். எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். ஒருவரும் எழுந்து இடம் தரவில்லை.