மாரிச்சோளம்

ஊர்காவற்றுறையில் மாரிசோல் விதைத்த எதுவும் ஊர்காவற்றுறையில் முளைக்கவில்லை. அவை ஹொண்டூராஸ் நாட்டில், அவளுடைய மகள் வளர்ந்த வீட்டு வளவில் முளைத்தன. பயற்றை, பூசணி, சோளம் என்று எதைப் போட்டாலும் குழி இங்கே, செடி அங்கே. முதல் வருடம் ஊர் இதைப் பற்றிப் பேசியது. அடுத்த வருடம் நண்டு விலை விழுந்தது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவளைக் கூட்டி வந்தவன் றெக்ஷன். கனடாவுக்கென்று புறப்பட்டு, ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டதில் ஹொண்டூராஸில் பேக்கரியொன்றில் மாவு பிசைந்து, அங்கே அவளை மாதா கோயிலில் கைப்பிடித்து, கடைசியில் ஊருக்கே திரும்பியவன். அவளுக்கு முன்பே ஒரு மகள் இருந்தாள், யெசேனியா, ஆறு வயது. பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டிப்போக அதைப் பெற்றவன் கையெழுத்துப் போட மறுத்தான். பிள்ளை மாரிசோலின் தங்கை நோர்மாவிடம் நின்றது. சீக்கிரம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாரிசோல் வந்தாள். பத்து வருடமாகியும் கூப்பிட முடியவில்லை. வேறு பிள்ளையும் தங்கவில்லை.

ஊர்ப் பேச்சு அவளுக்கு முதல் நாளே ஓரளவு விளங்கியது. குசினி, மேசை, சப்பாத்து, துவாய், அலுமாரி என்று றெக்ஷனின் அக்கா அன்ரனிட்டா காட்டிக் காட்டிச் சொன்ன, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களையெல்லாம் அவள் தன் பாஷை என்றே நினைத்தாள். பாவம், இந்தச் சனத்துக்கு ஸ்பானிய மொழி சரியாக வரவில்லை என்று சில கிழமைகள் இரங்கவும் செய்தாள். ஊர் பதிலுக்கு அவள் பெயரை மாரிச்சோளம் ஆக்கியது. அவள் உண்மையிலேயே சோளம் போட்டதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் சோளத்தை அவித்து, அரைத்து, றொட்டி தட்டுவாள்; கருவாட்டுக் குழம்போடு அது மோசமில்லை. ஆனால் அது சந்தையில் வாங்கிய சோளம். தான் விதைத்ததை அவள் ஒருநாளும் தின்றதில்லை. அதை மகள் தின்றாள்.

அன்ரனிட்டாவுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. கிணறு உவர். பவுசர் லொறியில் வருவதைத்தான் குடிக்க வேண்டும். அதில் ஒரு வாளியை மாரிசோல் தினமும் வெறும் மண்ணில் ஊற்றினாள்.

"மண்ணுக்கு விடாய்க்குதோடி? இஞ்ச குடிக்கத் தண்ணி இல்லை, நீ ஹொண்டூராஸுக்கு இறைக்கிறாய்."

"பிள்ளை வளருது மச்சாள்."

"அப்ப இந்தா, என்ர முருங்கை விதையையும் போடு. அங்கயாவது காய்க்குதோ பாப்பம்."

காய்த்தது. யெசேனியா படம் அனுப்பி, இந்தத் தடியை என்ன செய்வது என்று கேட்டாள். மாரிசோலுக்கே அது சரியாகத் தெரியாது. அன்ரனிட்டா போனைப் பறித்து, சட்டியிலிருந்த ஒரு துண்டை எடுத்துச் சப்பிக் காட்டினாள். "சப்பு. சப்பிப்போட்டுத் துப்பு. ஐயோ, விழுங்காதையடி!" அங்கே பல்லிடுக்கில் சக்கையோடு பிள்ளை சிரித்தது. அன்றைக்குப் பிறகு அன்ரனிட்டா வாளிக் கணக்குப் பார்ப்பது குறைந்தது.

பதினாறு வயதில் யெசேனியா வடக்கே, அமெரிக்காவுக்குப் போகிறேன் என்றாள். அந்த ஊரில் அந்த வயதுப் பெண்ணுக்கு இரண்டே வழிதான், இரண்டாவதைப் பற்றி நோர்மா போனில் சொல்ல மறுத்தாள்.

"அந்த ரோட்டில பாதி எனக்குத் தெரியும்," என்றான் றெக்ஷன். "காடு, கள்ளர், பாலைவனம். வேண்டாமெண்டு சொல்லும்."

மாரிசோல் சொன்னாள். "நீயும் போனனீதானே அம்மா," என்றாள் மகள்.

பிள்ளை நடக்க, விதைகளும் இடம் மாறின. அவள் நிற்கும் இடத்தில் முளைத்தன. மெக்சிக்கோவில் சரக்கு ரயில் பாதையோரம் பயற்றை படர்ந்தது. கூடப் போனவர்களும் ஆய்ந்து தின்றார்கள். அவளுடைய அவசரத்துக்கு அவையும் அவசரமாகவே காய்த்தன. பிறகு ஒரு குரல்செய்தி வந்தது. இனிமேல் நடைதானாம், வழியில் தண்ணீர் கிடையாதாம். அதோடு போன் அடங்கியது.

மாரிசோல் பாத்தி முழுவதையும் கொத்தி வெள்ளரி விதைத்தாள். வெள்ளரி என்றால் பாதி தண்ணீர். அந்தக் கிழமை பவுசர் வரவில்லை. அன்ரனிட்டா குசினியிலிருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கி வந்து பாத்தியில் கவிழ்த்தாள்.

"மச்சாள், குடிக்க?"

"குடிக்க வேணுமெண்டா உன்ர புருசன் கள்ளுத் தவறணைக்குப் போகட்டும். நீ ஊத்து."

ஊற்றினார்கள். இருவரும் விடியவிடியப் பாத்தியைப் போய்ப் பார்த்தார்கள். மண் வெறுமையாகக் கிடந்தவரை நிம்மதியாகத் திரும்பி வந்தார்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஒரு காலையில் அன்ரனிட்டாதான் கண்டாள். பாத்தி முழுக்க இரண்டிரண்டு இலையாக நின்றது. "மாரி! முளைச்சிட்டுதடி! எங்கட வளவில முளைச்சிட்டுது!" சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அந்தோனியம்மாவும் வந்துவிட்டாள். அன்ரனிட்டா குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை எங்கயோ அங்கதானே முளைக்கும்? வயித்தில ஏதும் தங்கிட்டுதோடி?"

மாரிசோல் இல்லையென்று தலையாட்டிவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்தாள். பிறகுதான் அன்ரனிட்டாவுக்கு விளங்கியது. விதைகளுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லாமற் போயிருந்தது.

எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு செய்தியும் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. றெக்ஷன் யார் யாருக்கோ போன் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கொடி படர்ந்து, பூத்து, காய்த்தது.

மரித்தோர் நினைவு நாளில் சேமக்காலையில் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்த சுவாமியாரை அன்ரனிட்டா ஒழுங்கையில் மறித்து வளவுக்குள் கூட்டி வந்தாள். சனமும் பின்னால் வந்தது. பாத்தியோரம் மெழுகுதிரி எரிந்தது. சுவாமியார் வேறொன்றும் கேட்கவில்லை, பெயரை மட்டும் கேட்டார். மாரிசோல் சொன்னாள். செபம் சொல்லி, கொடியின் மேல் தெளித்தார்.

சனம் எப்படிக் கலைவதென்று தெரியாமல் நின்றது.

"முத்தப் போகுது," என்றாள் மாரிசோல். "ஆயுங்கோ. ஆளுக்கு ரெண்டு கொண்டு போங்கோ."

ஆய்ந்தார்கள். அன்று மத்தியானம் அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் வெள்ளரிக்காய்ச் சம்பல்தான்.