பின்னறை முகவரி

திரையில் சிவப்புக் கோடு மறையவில்லை. கனடாவில் குடியேறுவதற்கான விண்ணப்பத்தில், கடந்த பத்து ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளை ஒரு மாதமும் விடாமல் எழுத வேண்டிய பக்கம் அது. அண்மைய வீட்டிலிருந்து பின்னோக்கி மூன்று வீடுகளை அவள் நிரப்பிவிட்டாள். தொடக்கத்தின் இரண்டு ஆண்டுகள் மட்டும் வெறுமையாக நின்றன. இடைவெளி இருக்கும்வரை அடுத்த பக்கம் திறக்காது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால், விண்ணப்பிக்கும்படி வந்த அழைப்பே காலாவதியாகிவிடும்.

"எங்கம்மா வீட்டு அட்ரஸப் போட்டுட்டுப் போயேன்," என்றான் கணவன்.

"அந்த ரெண்டு வருஷமும் உங்கம்மா வீட்டு வாசப்படிய நாம மிதிக்கவே இல்லையே."

"மிதிக்கலன்னு கனடாக்காரன்கிட்ட யாரு போய்ச் சொல்லப் போறா? எங்கம்மாவா? கல்யாணம் ஆன அன்னிக்கே வீட்டை விட்டுத் துரத்தினோம்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்களாக்கும்."

"எழுதினதெல்லாம் உண்மைன்னு கடைசில நான் கையெழுத்துப் போடணும். பொய்னு தெரிஞ்சுதுன்னா அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க முடியாது."

"சரி, உண்மைய எழுது. சரியான்னு கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் வந்தா, அப்புறம் சிஸ்டர் கதி?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

அவள் மருந்தகத்திலும் அவன் ஆய்வகத்திலுமாக வேலை பார்த்த மருத்துவமனையில், தலைமைச் செவிலியராக இருப்பவர் சிஸ்டர். வீட்டை எதிர்த்து மணம் முடித்து, இரு குடும்பங்களும் கதவைச் சாத்திய நிலையில், அவர்தாம் தம் குடியிருப்பின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அக்குடியிருப்பில், ஒதுக்கீடு பெற்ற ஊழியரைத் தவிர வேறு யாரையும் தங்கவைப்பது விதிக்கு முரணானது. ஆகவே அவர்கள் அங்கே இருந்தும் இல்லாதவர்களாகவே வாழ்ந்தார்கள். துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்தினார்கள். செருப்புகள் ஒருநாளும் வாசலில் கிடந்ததில்லை. அழைப்புமணி அடித்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்புறம் துணி துவைக்கும் இடத்துக்குப் போய் நிற்பார்கள். குழந்தை பிறந்து அழத் தொடங்கியபோது, அடுத்த வீட்டில் இருந்த குடியிருப்புக் கிளார்க்கிடம், தாம் ஒரு பூனை வளர்ப்பதாகச் சிஸ்டர் சொல்லிவைத்தார்.

இந்த மாதக் கடைசியில் சிஸ்டருக்குப் பணி ஓய்வு. வீட்டைப் பார்வையிட்டு, குறை ஏதும் இல்லை என்று அதே கிளார்க் எழுதிக் கொடுத்தால்தான் ஓய்வுப் பணம் கைக்கு வரும்.

"அவங்களைக் கேட்டுட்டு எழுதலாங்க," என்றாள்.

"கேக்கப் போறதே கழுத்துல கத்தி வைக்கிற மாதிரிதான். நம்ம முகத்தப் பார்த்து வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

சிஸ்டர் அதைத்தான் சொன்னார்.

"எழுதாத."

மாலை வெயில் சிஸ்டர் வீட்டுக் கூடத்தின் தரையில் நீண்டு கிடந்தது. சுவரோரம் அட்டைப்பெட்டிகள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன; ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பவற்றின் பெயர் எழுதியிருந்தது. மகள் ஒரு பெட்டியின் மேல் உட்காரப் போய், சிஸ்டரின் பார்வையைக் கண்டு எழுந்துகொண்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறுக்க முடியாதா?"

"வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், சிஸ்டர்."

"அப்ப வேற எதையாவது எழுதித் தொலை. இத்தனை வருஷமா மத்தவங்களை நிக்கவெச்சுக் கேள்வி கேட்டவ நான். போற காலத்துல விசாரணைன்னு ஒரு மேசைக்கு முன்னாடி என்னைக் கொண்டுபோய் நிறுத்தணுமா?"

அந்தக் குரலில் அச்சத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. "நிறுத்த மாட்டேன், சிஸ்டர்," என்று சொல்ல வாயெடுத்தாள்.

அழைப்புமணி அடித்தது.

"சாவிக்கொத்து!" என்றார் சிஸ்டர். குடியிருப்பின் சாவிகள் அனைத்தையும் இடுப்பில் தொங்கவிட்டுத் திரியும் கிளார்க்குக்கு அவர் வைத்த பெயர் அது. "நாளைக்கு வர்றதாத்தானே சொன்னாரு?"

போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவன் அதற்குள் கதவுக்கு உள்பக்கம் கழற்றியிருந்த மூன்று ஜோடிச் செருப்புகளையும் கையில் எடுத்துவிட்டான். பின்னறை வழியாக ஓடி, துவைக்கும் இடத்தில் நின்று, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். எட்டு ஆண்டுகளாக மறந்திருந்த காரியத்தைக் கால்கள் மறக்கவில்லை.

மகளுக்கு மட்டும் அது புதிது. "எதுக்குப்பா ஒளியறோம்? நாம ஏதாவது திருடிட்டோமா?"

அவள் மகளின் வாயைப் பொத்தினாள். அந்தக் கை நினைவு வைத்திருந்தது மிகச் சிறிய ஒரு வாயை. இப்போது உள்ளங்கை போதவில்லை.

உள்ளே சாவிகள் குலுங்கும் ஓசை கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் புகுந்து, பின்னறைக்கு வந்தது.

"குழாயெல்லாம் சரி. சுவத்துல ஒரு ஆணிகூட இல்ல. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல, சிஸ்டர்." சாவிகளின் ஓசை நின்றது. "மேல என்ன, கொக்கி?"

"விசிறிக்குப் போட்டதா இருக்கும்."

"விசிறி அந்தப் பக்கம்ல ஓடுது."

"எனக்கு முன்னால இருந்தவங்க அடிச்சிருப்பாங்க."

"நீங்க குடிவந்தப்ப பார்த்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அப்ப இது இல்ல. இது தொட்டில் கொக்கியாச்சே." கிளார்க்கின் குரல் தணிந்தது. "ஏன் சிஸ்டர், பூனைக்குத் தொட்டிலா கட்டினீங்க?"

கதவுக்குப் பின்னால் அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வெளியே போனால் சிஸ்டரைக் காட்டிக் கொடுத்ததாகும். போகாவிட்டால், அவர் தங்களுக்காக இன்னொரு பொய்யும் சொல்லியாக வேண்டும். மகளின் மூச்சு உள்ளங்கையில் சுட்டது.

"உங்களுக்கு அறிவு இருக்கா?" என்றார் சிஸ்டர். வார்டு முழுவதும் எழுந்து நிற்கும் குரல் அது. "பூனைக்கு எந்த ஊர்ல தொட்டில் கட்டறாங்க? பிள்ளைக்குக் கட்டினது." பிறகு கதவை நோக்கித் திரும்பினார். "மூணு பேரும் உள்ள வாங்க. இன்னும் எவ்வளவு நேரம் அந்த ஈரத்துல நிக்கப் போறீங்க?"

அவர்கள் வந்தார்கள். கிளார்க் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதானா அந்தப் பூனை? நல்லா வளர்ந்துடுச்சே."

"நான் ஒண்ணும் பூனை இல்ல," என்றாள் மகள்.

யாரும் சிரிக்கவில்லை. கிளார்க் கையிலிருந்த படிவத்தையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிஸ்டர், தெரிஞ்சு வெச்சுக்கறது வேற, எழுதறது வேற. இத எழுதினா மேலதிகாரி வரைக்கும் போகும். விசாரணை முடியற வரைக்கும் உங்க பணம் நிக்கும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, யாரு கண்டா? ஒரு ஸ்டூல் குடுங்க. கொக்கிய நானே கழட்டிடறேன். நான் பார்க்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல."

அவன் முகம் தெளிந்தது. ஸ்டூலைத் தேடி அவன் கண்கள் அறையைச் சுற்றின.

"கழட்டச் சொல்லுங்க, சிஸ்டர்," என்றாள் அவள். "நான் வேற முகவரி எழுதிக்கறேன். பிடிபட்டா நாங்க பார்த்துக்கறோம்."

"என்னத்தப் பார்த்துப்ப? அங்க போய்ப் பிடிபட்டு, பெட்டி படுக்கையோட திரும்பி வந்து, மறுபடி என் பின்னறையக் கேப்பியா? அதுக்குள்ள எனக்கு வீடே இருக்காது." சிஸ்டர் கொக்கியை நிமிர்ந்து பார்த்தார். "நிறைமாச வயித்தோட நீ கீழ நின்னு ஸ்டூலப் பிடிச்சுக்கிட்ட. மேல ஏறி அடிச்சவ நான். எழுதுங்க, கிளார்க் சார்."

கிளார்க் பேனாவைத் திறக்கத் தயங்கினார், திறந்தார், எழுதினார்.

"என்னன்னு எழுதினீங்க? படிங்க."

"'பின்னறையில் ஒரு குடும்பம் சில காலம் தங்கியிருந்ததாக'..."

"சில காலம்னா? எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும்னு போடுங்க. தங்கினவங்க யாருன்னும் ஒவ்வொருத்தராப் போடுங்க. அடியே, நீயும் உன்னோடதத் திற. ரெண்டுலயும் ஒரே தேதி இருக்கணும். நாளைக்கு எவனாவது எடுத்துவெச்சுப் பார்த்தா ஒத்துப்போகணும்."

அவள் தோள்பையிலிருந்த மடிக்கணினியை எடுத்து, அங்கிருந்த ஒரு பெட்டியின் மேல் வைத்துத் திறந்தாள். இம்முறை சிஸ்டர் தடுக்கவில்லை. கதவு எண்ணை அவர் சொல்ல, அதே எண்ணைக் கிளார்க் தாளிலும் அவள் திரையிலும் எழுதினார்கள். அவள் இருமுறை அழித்து எழுத வேண்டியிருந்தது. சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருடைய கட்டை விரல் மட்டும் மற்றொரு கையின் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

சிவப்புக் கோடு மறைந்தது.

அவன் செருப்புகளை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். அதை அப்போதுதான் பார்த்தவனைப் போலக் குனிந்து பார்த்துவிட்டு, கூடத்தைக் கடந்து போய், முன்வாசலைத் திறந்து, சிஸ்டரின் செருப்புக்குப் பக்கத்தில் மூன்று ஜோடியையும் வரிசையாக வைத்தான். தாளை மடித்துக்கொண்டு வெளியேறிய கிளார்க், எதையும் மிதித்துவிடாமல் பார்த்துக் கால் வைத்துப் போனார்.