வெளியிலேயே சாப்பிட்டுக்கலாம்

என் சம்பந்தி சீனுவாசனுக்கு எங்கள் மேல் அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. போன் செய்து, "ஞாயித்துக்கிழமை பேத்தியப் பாக்க வர்றோம்" என்பார். நான், "வாங்க சம்மந்தி, சமைச்சு வைக்கிறேன்" என்பேன். அடுத்த நொடியே பதில் வரும். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? வெளியிலயே சாப்புட்டுக்கலாம்."

அவருக்குப் பனமலையில் சொந்த நிலம். நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிறார். நாங்கள் திண்டிவனத்தில் காலனிக்காரர்கள், கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் வீட்டுக்காரர் இருதயராஜ் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் மகன் இனியவனும் சீனுவாசன் மகள் ஆர்த்தியும் காலேஜில் பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பன் மகள் முகத்திலேயே விழிக்கவில்லை. பாப்பா பிறந்த பிறகுதான் மனசு இளகி, பெண்டாட்டி ராஜாமணியோடு காரில் வந்து இறங்கினார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. காபி கலக்கினால் ராஜாமணிக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை. டீ என்றால் இப்போதுதான் வழியில் குடித்தார்கள். பழம் நறுக்கினால் சீனுவாசனுக்குச் சர்க்கரை. தண்ணீர் பாட்டில் அவர்களே கொண்டு வருவார்கள். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "கெளம்பலாமா?" என்று எல்லோரையும் காரில் ஏற்றி பைபாஸ் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

ஓட்டலில் அதே சீனுவாசன் வேறு மனுஷன். சர்க்கரை, வயிறு ஒன்றும் கிடையாது. ஒரே மேசை. தன் தட்டில் இருக்கும் கறியை எடுத்து என் வீட்டுக்காரர் தட்டில் வைப்பார். "சாப்புடுங்க சம்மந்தி, வெக்கப்படாதீங்க" என்பார். பார்க்கிறவர்கள் கூடப் பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். இருதயராஜ் அதில் அப்படியே உருகிப் போவார். சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிடுவார்.

"எவ்ளோ பெரிய மனசு பாத்தியா அம்சா" என்பார் என்னிடம்.

"பெரிய மனசுதான். நம்ம வூட்டு வாசப்படிலதான் அது நொழைய மாட்டேங்குது" என்பேன்.

"உனுக்கு எப்பப் பாரு குத்தம்."

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த மனுஷன் என் வீட்டில், என் கையால் ஒருவேளை சாப்பிட வேண்டும். இதை ஆசை என்பதா, வீம்பு என்பதா, தெரியவில்லை. இந்தத் தெருவில் என் குழம்பு வாசனைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வராதவர்கள் இல்லை. ஆர்த்தி மாசமாக இருந்தபோது வாய்க்கு எதுவும் பிடிக்காமல், என் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான் உள்ளே இறங்கியது. அவர் மகளையும் பேத்தியையும் வளர்க்கிற சோறு அவருக்கு மட்டும் ஆகாதா என்று எரியும்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி பெரியதம்பி, புதுச்சேரி ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, அதே பைபாஸ் ஓட்டலுக்கு மாஸ்டராக வந்து சேர்ந்தான். அவன் என்னிடம் சமையல் கற்றவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்காவை ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் வீட்டு மசாலா. எதிரில் சீனுவாசன் விரலை நக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு பிளேட் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். இருதயராஜிடம் முன்னமே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன், மாஸ்டர் யார் என்று வாயைத் திறக்கக் கூடாதென்று.

தவளை தன் வாயால் கெடும். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் வந்தால் வயிற்றில் நிற்காது. நாலைந்து தடவை போன பிறகு ஒருநாள் சீனுவாசன், "இந்த மாஸ்டர் கைக்கு மோதிரம் போடலாம்" என்று சொன்னதுதான் தாமதம்.

"போடுங்க சம்மந்தி! அது நம்ம மச்சான்தான். அம்சாவோட கூடப் பொறந்த தம்பி. நம்ம வூட்டு சமையல்தான் நீங்க இத்தினி நாளா சாப்புட்டுக்கினு இருக்கீங்க!"

இதைச் சொன்னால் சம்பந்தி எழுந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தார் போலிருக்கிறது. சீனுவாசனின் கை தட்டிலேயே நின்றது. ராஜாமணி வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தாள். "அப்டீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

அதன்பிறகு போன் வந்தபோது, "விழுப்புரத்துல சைவ ஓட்டல் ஒண்ணு புதுசா தொறந்திருக்கான். அங்க போலாம். கறி மீனு எல்லாம் ஒடம்புக்கு ஒத்துக்கல" என்றார்.

இதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த ஆர்த்தி, அன்றைக்குப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எந்த ஓட்டலுக்கும் நான் வரல. பாப்பாவுக்கு மொத பர்த்டே வருது. நம்ம வூட்லதான் சாப்பாடு, அத்தைதான் சமைக்கிறாங்க. வந்து சாப்புட்டா வாங்க. இல்லாட்டி பேத்தியப் பாக்கவும் வராதீங்க."

உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பர்த்டே அன்று மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினேன். கறி என்ன கறியோ என்ற சந்தேகம் யாருக்கும் வரக் கூடாதென்று, முந்தின நாளே இருதயராஜோடு ஆர்த்தியையும் அனுப்பி உயிர்க்கோழியாக வாங்கி வரச் சொல்லியிருந்தேன். இதை நினைக்கவே கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன். மசாலாவை மிக்சியில் போடாமல் அம்மியில் அரைத்தேன். ஒத்தாசைக்கு வருகிறேன் என்ற பெரியதம்பியையும் வரவேண்டாமென்று சொல்லிவிட்டேன். இது என் கை மட்டும் பட்ட சமையலாக இருக்கட்டும் என்றிருந்தது.

வந்தார்கள். ராஜாமணிக்கு அன்று விரதமாம். போகட்டும். சீனுவாசன் இலை முன்னால் உட்கார்ந்தார். ஆர்த்தி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள், அசையவில்லை. நான் சோற்றைப் போட்டு, கோழிக் குழம்பை ஊற்றினேன்.

பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். அப்புறம் வேகவேகமாகச் சாப்பிட்டார். இலை காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்கம்மா" என்று கேட்டார். பல்லுக்கு இடையில் எலும்பை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. காதில் தேன் பாய்ந்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. கிளம்பும்போது, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். பொய்யில்லை, அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்காதவர்களிடமும் சொன்னேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தெரியுமா? இருதயராஜ், "நான் சொன்னேன் இல்ல?" என்று ஒன்பது தடவையாவது சொல்லியிருப்பார். வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளில்கூட அவர் அவ்வளவு சிரித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் இனியவன் வேலைக்குப் போயிருந்தான். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நேற்றைய குழம்பு பாக்கி இருந்தது. கோழிக் குழம்பு மறுநாள்தான் ருசி. ஆர்த்தி பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் தம்பி கோகுலகிருஷ்ணன் போன் செய்தான். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அப்பாவுக்கு ஒரே ஜொரம்."

"இன்னாடா ஆச்சு? நேத்து நல்லாத்தான இருந்தாரு?"

"நேத்து அங்கேர்ந்து வந்ததும் அம்மா வூட்டுக்குள்ளயே வுடல. நேரா மோட்டார் கொட்டாய்க்குப் போய் தலைக்கு ஊத்திக்கினு வான்னுச்சு. இந்தப் பனியில பம்ப்செட்டு தொட்டி தண்ணி ஐஸு மாரி இருக்குது. ஊத்திக்கினு, கட்டியிருந்த வேட்டி சட்டையெல்லாம் அங்கியே போட்டுட்டு, ஈரத்துண்டோட வந்தாரு. ஜொரம் வராம இன்னா பண்ணும்?"

ஆர்த்தி எச்சில் கையாலேயே போனை அணைத்தாள். அணைத்து என்ன? கேட்கவேண்டியது கேட்டாகிவிட்டது.

இருதயராஜ் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சாவுக்குப் போய்ட்டு வந்தாதான அம்சா தலைக்கு ஊத்திக்கினு உள்ள போவாங்க? நம்ம வூட்ல யாரு செத்தா?"

"யாரும் சாவல. துன்னுங்க."

அவர் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். இத்தனை வருஷத்தில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகாத மனுஷன்.

ஆர்த்தி கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் போனை எடுத்தாள். நாலு கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "கோகுலு, அப்பாவுக்கு மாத்திர குடுத்தியாடா? கஞ்சி வெச்சுக் குடு" என்றாள். பெற்ற அப்பன், அவள் கேட்காமல் யார் கேட்பார்கள் என்று எனக்குப் புத்தி சொல்லியது. வயிறு கேட்கவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

என் தட்டை எடுத்தேன். ஒரு வாய் பிசைந்து வாய்க்குக் கொண்டு போனேன். அந்த மனுஷன் பம்ப்செட்டுத் தொட்டியில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடம்பிலிருந்து இதைத்தான் தேய்த்துக் கழுவினார் என்ற நினைப்பு வந்தது. என் சமையல் எனக்கே தொண்டையில் இறங்கவில்லை.

அடுக்களைக்குப் போய்ச் சட்டியோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். சாக்கடையில் கவிழ்த்தேன். கோழிக் கால் ஒன்று முழுசாக மிதந்து போயிற்று. இதுவரை என் சமையலை வேண்டாம் என்று கொட்டியவர்கள் யாரும் கிடையாது, நான்தான் முதல் ஆள்.