பதினேழு துண்டுத் தொட்டில்

தச்சர் மனைவி முதல் தூள்கட்டையை அடுப்பில் வைத்த வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, நீதிமன்றத்தில் நீதிபதியின் நாற்காலி சூடாகிவிட்டது. சுடவில்லை, பூனை படுத்து எழுந்துபோன இடம்போல இதமாக இருந்தது. நீதிபதி எழுந்து, குனிந்து, நாற்காலிக்கு அடியில் பார்த்தார். தரைதான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தார். பதினோரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வேலிச் சண்டையை அன்று மதியச் சாப்பாட்டுக்குள் சமாதானம் செய்து அனுப்பினார். அதே நேரத்தில் சலூன் பெஞ்சு சூடானது, தலைமையாசிரியையின் மேசை சூடானது, தபாலாபீஸ் கதவும் சூடாகி, கடிதம் போட வந்த மூன்று பேர் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக மறந்தார்கள். இவை எல்லாமே அந்த வருடம் தச்சர் கையால் செய்தவை என்று கண்டுபிடிக்க ஊருக்கு நான்கு நாள் ஆனது. நம் ஊர் எதற்கும் அவசரப்படுகிற ஊர் இல்லை.

தச்சர் நல்ல வேலைக்காரர். ஆனால் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அறுத்த துண்டு, இழைத்த சுருள், ரம்பத்தூள் எதையும் வெளியே போடமாட்டார். பட்டறையில் இடமில்லாமல் தூள் மூட்டைகள் கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்து, கடைசியில் சாப்பாட்டிலும் வந்தன. கேட்டால், "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார். "பல் குத்த ஒரு துரும்பு போதுங்க. நீங்க ஒரு லாரி வெச்சிருக்கீங்க" என்பாள் மனைவி. அவள் சும்மா பேசிக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. தம்பியிடமிருந்து ஒரு பழைய எண்ணெய் ஆலையின் திருகை வாங்கிவந்து, இரும்புக் குழாயில் தூளையும் ஊறவைத்த பழைய செய்தித்தாளையும் அடைத்து, முழு பலத்தோடு திருகி அழுத்தினாள். முழங்கை நீளத்தில் உருளையாக ஒரு கட்டை வந்தது. வெயிலில் இரண்டு வாரம் காயவைத்தாள். தூள்கட்டை என்ற பெயரும் அவள் வைத்ததுதான். தூள்கட்டையை மட்டும் வைத்து அடுப்பெரிக்கக் கூடாது. கீழே இரண்டு விறகு போட்டு, தணல் விழுந்த பிறகு மேலே ஒன்று வைக்க வேண்டும். வைத்தபின் கிளறக் கூடாது, உதிர்ந்துவிடும். ஈரம் படவே கூடாது, பட்டால் உப்பிப் பழையபடி தூளாகிவிடும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் விறகுச் செலவு பாதியாகும்.

நாற்காலிகள் சூடான விஷயத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் குழம்பவில்லை. எந்தச் சாமானை அறுத்தபோது தூள் விழுந்ததோ, அந்தத் தூள் எரிந்தால் அந்தச் சாமான் சூடாகிறது, அவ்வளவுதான். முதல் வருடக் கட்டைகளில் எல்லாத் தூளும் கலந்திருந்ததால் தச்சர் வீட்டில் வெந்நீர் போட்டால் ஊர் முழுக்க இதமாக இருந்தது. மறு வருடம், தச்சர் வேலைக்கு ஒன்றாகக் கட்டி வைத்திருந்த பழைய மூட்டைகளில் தொடங்கி, அவரவர் தூளை அவரவருக்கே தனியாக அழுத்திக் கொடுக்கும் பழக்கம் வந்தது. மேசை செய்யச் சொல்ல வந்தவர்கள் மேசையின் அழகைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "தூள் எத்தனை கட்டை வரும்?" என்று கேட்டார்கள். பத்திர ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்தான், ஒன்று வைத்தால் இதமென்றால் ஐந்து வைத்தால் சொர்க்கம் என்று நினைத்து, விறகே இல்லாமல் ஐந்தையும் ஒன்றாக அடுக்கிக் கொளுத்தினார். அந்த நேரம் பார்த்து அவருடைய புதுக் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். அந்த வயதில் அவர் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று மகளே எதிர்பார்க்கவில்லை. இரண்டு விறகுக்கு ஒரு தூள்கட்டை என்பது அன்றிலிருந்து ஊரில் சட்டம் மாதிரி ஆனது.

பூட்டுக்காரர் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியையும் தச்சர்தான் செய்தார். அந்தத் தூளை என்ன செய்வது என்று தச்சர் மனைவி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஐந்து கட்டைகளாக அழுத்தி, துணியில் சுற்றி, ஒன்றும் சொல்லாமல் அவர் மனைவி பூட்டுக்காரம்மாவின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பனி கொட்டிய ஒரு காலையில் பூட்டுக்காரம்மா முதல் கட்டையை எரித்தார். கல்லறைத் தோட்டத்துக் காவலாளி அன்று சொன்னது இதுதான்: எங்கும் முழங்கால் அளவு பனி, பூட்டுக்காரர் இடத்தில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குப் பச்சைப் புல். "அவருக்கு எப்பவும் கால் சில்லுன்னு இருக்கும். சாக்ஸ் ரெண்டு போட்டாலும் போதாது" என்றார் பூட்டுக்காரம்மா. குளிர்காலத்துக்கு ஒன்று என்று கணக்காக வைத்துக்கொண்டார். இரண்டு போய், மூன்று மீதியிருந்தது.

அந்த மூன்றாவது குளிர்காலத்தில்தான் தச்சரின் மகள் பிரசவத்துக்கு வந்தாள். அவள் புருஷன் விறகு லாரி ஓட்டுபவன். மலைக்கு அந்தப் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தான். பேரப்பிள்ளைக்குப் புத்தம் புது மரத்தில் தொட்டில் வேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தச்சரும் செய்து முடித்து, வெள்ளை பெயின்ட் அடித்து நிறுத்தினார். மரத்தின் ரேகையைக் காட்டி மணிக்கணக்கில் பெருமையடிக்கிற மனிதர் பெயின்ட் அடித்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொட்டில் தூளில் இரண்டே கட்டைதான் தேறியது, அப்போதும் வரவில்லை. பெண் குழந்தை இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்தது. தச்சரின் பெரிய சுத்தியலைவிடக் கொஞ்சம்தான் கனம். பனிச்சரிவில் சாலை அடைபட்டு, பெரிய ஆஸ்பத்திரியும் விறகு லாரியும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். தாய்க்கோ கடும் காய்ச்சல், குழந்தையை மார்போடு வைத்திருக்க முடியவில்லை. "ஒரு நிமிஷம்கூடச் சூடு குறையக் கூடாது. குறைஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று நர்ஸம்மா வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் விறகு அடிமட்டத்தில் இருந்தது. அடுப்பு எரிந்தாலும் அந்த ஓட்டை ஜன்னல் வீட்டில் அடுப்பைப் பார்த்த பக்கம் சுடும், மறுபக்கம் உறையும்.

தொட்டிலுக்கான இரண்டு கட்டைகளும் இரண்டு நாள் தாங்கின. மூன்றாம் நாள் காலை தொட்டில் குளிர ஆரம்பித்தது. தச்சர் மனைவி குழந்தையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தாள். காய்ச்சலில் படுத்திருந்த மகள் தொட்டிலின் மேல் கையைப் போட்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்:

"அப்பா, இந்த ஒரு மரச்சட்டம் மட்டும் சூடா இருக்கே."

தச்சர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். நீதிபதி வீட்டுப் புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. பிறகு தரையைப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் மனைவி. "என்ன மரம் அது?"

"ஜட்ஜ் நாற்காலிக்கு அறுத்ததுல மிஞ்சின துண்டு."

"மத்ததெல்லாம்?"

"அது சலூன் பெஞ்சு. இது பள்ளிக்கூட மேசை. அந்த ரெண்டும் தபாலாபீஸ் கதவு... நல்ல துண்டும்மா, தூக்கிப் போட மனசு வரலை."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. புது மரம் என்று ஒரு விரல் அளவுகூட அந்தத் தொட்டிலில் இல்லை. பதினேழு வேலைகளில் மிஞ்சிய பதினேழு துண்டுகள். ரம்பம் ஓடிய கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தூளுக்குச் சொந்தம் என்பதால், ஊரில் யார் வீட்டுக் கட்டை எரிந்தாலும் தொட்டிலில் ஒரு துண்டு சூடாகும். முப்பது வருடக் கஞ்சத்தனத்துக்குச் சேர்த்துவைத்து அவரைத் திட்டத் தச்சர் மனைவி வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு யோசித்தாள். பிறகு குழந்தையை அவர் சட்டைக்குள் மாற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். திட்டுவதைப் பனி விலகியபின் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தாள், வைத்தும் கொண்டாள்.

ஊர் அன்று மட்டும் அவசரப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லா வீட்டு அடுப்பிலும் அவரவர் தூள்கட்டை ஏறியது. அடியில் வைக்க விறகு இல்லாதவர்கள் பழைய பெட்டியை உடைத்தார்கள், வேலியைப் பிடுங்கினார்கள். பதினோரு வருடச் சண்டைக்குக் காரணமான அந்த வேலியும் இதில்தான் போனது. யார் எப்போது எரிப்பது என்று தலைமையாசிரியை பாடவேளை அட்டவணை மாதிரி எழுதி, மணியடித்து நடத்தினார். சலூன்காரர் தன் முறை முடிந்தும் எரித்துக்கொண்டிருந்ததற்காகக் கண்டிக்கப்பட்டார். தொட்டிலில் ஒவ்வொரு துண்டாகச் சூடு ஏறியது. குழந்தை முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதது. ஆனால் கால்மாட்டுப் பலகை மட்டும் பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்தே கிடந்தது. குழந்தையின் பாதங்கள் நீலம் பாரித்திருந்தன.

"இது யாரோடது?" என்று மனைவி கேட்டாள். தச்சர் குழந்தையின் பாதங்களைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"பூட்டுக்காரர் பெட்டி."

"சவப்பெட்டிப் பலகையிலயா பிள்ளைக்குத் தொட்டில் செஞ்சீங்க?"

எல்லா வீட்டிலும் போய்க் கேட்டவளுக்கு அந்த ஒரு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கட்டின புருஷன் என்று அந்த அம்மாவுக்கு மிச்சமிருப்பது மூன்று கட்டைதான். அதைப் போய் எந்த வாயால் கேட்பது? தச்சரே போனார். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, துண்டைத் திருடி வைத்ததையும், தொட்டிலில் சேர்த்ததையும், நீலம் பாரித்த பாதங்களையும் ஒன்று விடாமல் சொன்னார். தனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் சொன்னார்.

பூட்டுக்காரம்மா வேறெதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"பிள்ளைக்குக் காலா சில்லுன்னு இருக்கு?" என்றார். "அவருக்கும் கால்தான்."

உள்ளே போய் மூன்று கட்டைகளையும் துணியோடு எடுத்துவந்தார். ஒவ்வொன்றையும் மூன்று வில்லைகளாக அறுத்துக்கொண்டார். அறுத்தபோது உதிர்ந்த தூளையும் முறத்தில் பிடித்து அடுப்பில் போட்டார். ஒரு நாளைக்கு ஒரு வில்லை. முதல் வில்லை தணலாகும்போது தச்சர் வீட்டில் கால்மாட்டுப் பலகை சூடாகி, குழந்தை இரண்டு பாதங்களையும் அதில் அழுத்தி ஊன்றிக்கொண்டு தூங்கியது. கல்லறைத் தோட்டத்திலும் புல் தெரிந்ததாகக் காவலாளி சொன்னார். ஒன்பதாம் நாள், கடைசி வில்லை சாம்பலாகும் நேரத்தில், விறகு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் குழந்தையைத் தூக்கி, திருப்பி, எடை பார்த்துவிட்டு, தனக்கு இங்கே வேலை இல்லை என்றார். இருந்தாலும் நீதிபதி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த குளிர்காலத்தில் எரிக்கப் பூட்டுக்காரம்மாவிடம் ஒன்றுமில்லை. பனி மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஓர் ஆள் நீளத்துக்குப் புல் நின்றது. கையை வைத்துப் பார்த்தார், இதமாக இருந்தது. அதே நேரத்தில் நீதிபதியின் நாற்காலியும் சலூன் பெஞ்சும் சூடாகியிருந்தன, ஊரில் ஒரு தூள்கட்டைகூட எரியாமலேயே. தச்சர் வீட்டில் விசாரித்தபோது குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர் அதற்குள் பழகியிருந்ததால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. வாங்கிய சூட்டைப் பிள்ளை திருப்பிக் கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மதியம் ஒன்றரைக்குக் கதவு சூடானால் தபாலாபீஸில், "பாப்பா தூங்கிடுச்சு, சத்தம் போடாதீங்க" என்பார்கள். மூன்று மணிக்கு ஆறினால் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பாப்பா தொட்டிலுக்கு அடங்காமல் வளர்ந்தபோது, இனி என்ன என்று கேட்கப் பூட்டுக்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. அவர் கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. தச்சர் மனைவி தொட்டிலைத் துடைத்து, தலைமையாசிரியை வீட்டில் அப்போதுதான் பிறந்திருந்த இரட்டையருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதல் ஒன்றரை வருடம் அந்தத் தொட்டில்தான். அடுத்து யார் வீட்டுக்கு என்ற வரிசையைப் பூட்டுக்காரம்மா வைத்திருக்கிறார். பத்தொன்பது வருடத்தில் அது ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. இப்போது அதில் தூங்குவது நீதிபதியின் பேத்தி, அசைக்க முடியாத தூக்கக்காரி. கல்லறைத் தோட்டத்துக் காவலாளி எந்தப் பனியிலும் மாதம் ஒருமுறை அந்தப் புல்லை வெட்டுகிறார். கால் பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. அங்கே அடர்த்தியாகவே இருக்கட்டும் என்று பூட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார்.