துரையின் நாற்காலியில் ஒரு சும்மாடு

துரை போய்விட்டார், தொப்பி இருக்கிறது. அவர் தேநீர் அருந்திய கோப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்குகிறது. அவர் சாய்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் மூடி, ஆளற்றுப்போன வங்காள ஊரான ஹீராடாங்காவின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியம் இவ்வளவுதான். கரி சுமந்த தலைகளுக்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

அதை மாற்றத்தான் கல்கத்தா ஜாதவ்பூரிலிருந்து பேருந்தேறி வந்திருந்தாள் நீலாவதி. அவள் தாய் பேச்சியம்மாள் கரிக்கூடைக்கு அடியில் வைத்துச் சுமந்த சும்மாடு கைப்பையில் இருந்தது. காட்சிக்கு வைக்கும்படி முன்பே கேட்டிருந்தாள். "கந்தலுக்கெல்லாம் இங்கே இடமில்லை" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

காவலர் முதுகைத் திருப்பினார். நீலாவதி கயிற்றைத் தாண்டினாள். சும்மாட்டைத் துரையின் நாற்காலியில் அமர்த்தினாள்.

"ஏய் நீலா, மாட்டினோம்னா பஸ் காசையும் அபராதமாக் கட்டிட்டு நடந்துதான்டி வீடு போய்ச் சேரணும்!" என்றாள் உடன்வந்த அண்டைவீட்டு விஜயலட்சுமி.

"நடப்போம். எங்கம்மா உக்காரட்டும். நின்னே செத்தவ."

அதற்குள் காவலர் பார்த்துவிட்டார். "ஏ கீ! என்ன இது! யாரு இங்க குப்பையைப் போட்டது?" என்று வங்காளத்தில் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார்.

விஜயலட்சுமி தன் பையைத் திறந்தாள். காலையில் காளிகாட் கோயிலில் கொடுத்த செம்பருத்தி வாடாமல் இருந்தது. அதைச் சும்மாட்டின் நடுவே செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிடுங்க நீண்ட கை பாதியில் நின்றது, நெற்றிக்குப் போனது. காவலர் செருப்பைக் கழற்றினார். பின்னால் நின்ற கூட்டமும் கழற்றியது.

கடவுள் மறுப்பு மேடைகளில் முழங்கியே தொண்டை தேய்ந்த நீலாவதிக்கு முகம் சிவந்தது. பூவை எடுத்தால் அம்மா குப்பை. விட்டால் அம்மா சாமி! மனுஷியாக இருக்க ஒரு வழியும் இல்லையா?

"மாசிமா, இது எந்தத் தேவி?" என்று சித்தி முறை வைத்துப் பணிந்து கேட்டார் காவலர்.

"தேவி இல்லப்பா. எங்கம்மா. பேரு பேச்சியம்மாள். இங்கதான் கரி சுமந்தாங்க. பூசை வேணாம், பேரை எழுதி வை."

"எழுதலேன்னா கோவம் வருமா?"

"பயங்கரமா வரும்."

"யாருக்கு?"

"எனக்கு!"

அவர் நம்பவில்லை. துரையின் பெயரட்டையைத் திருப்பி, 'பேச்சியம்மாள், கரி சுமந்தவர்' என்று வங்காளத்தில் எழுதி நாற்காலியில் சாத்தினார். நீலாவதி அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகு பூவை எடுத்து விஜயலட்சுமியின் கொண்டையில் செருகினாள். சும்மாட்டைத் தொட அதன் பின்னும் எவருக்கும் துணிவில்லை.

"மாசிமா, தேவி பக்கத்துல துரையோட தொப்பி இருக்கலாமா?"

நீலாவதி தொப்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கந்தலுக்கெல்லாம் இங்கே இடமில்லைன்னு சொல்லிடு."